வேங்கை தரும் நீலம்

வள்ளிமலைத் தினைப்புனத்தில் பரண்மேல் நின்று ஆலோலம் பாடிப் பறவை ஓட்டிக்கொண்டிருந்தாள் வள்ளியம்மை. அவள்முன் வேடனாக வந்து நின்ற முருகப் பெருமான், நம்பிராசன் வரும் அரவம் கேட்டதும் வேங்கை மரமாக மாறி நின்றான் என்பது கந்தபுராணம் கூறும் திருவிளையாடல். நேற்றுவரை இல்லாத மரம் இன்று வானளாவ நிற்பதைக் கண்டு வேடர்கள் திகைத்தார்கள். இதில் ஏதோ சூது இருக்கிறது, வெட்டிச் சாய்த்துவிடுவோம் என்றார்கள். நம்பிராசன்தான் அவர்களைத் தடுத்தான். மகளுக்கு நிழலாக இருந்துவிட்டுப் போகட்டும் என்று சொல்லித் திரும்பினான். அது வேங்கை என்பது வேடர்களுக்குத் தெரிந்தது. வேங்கையாக நிற்பது யார் என்பதுதான் தெரியவில்லை.

வள்ளிமலை இன்றைய வேலூர் மாவட்டத்தில், காட்பாடி வட்டத்தில் இருக்கிறது. பட்டு நெசவுக்குப் பெயர்பெற்ற ஆரணியிலிருந்து ஆற்காடு, ராணிப்பேட்டை வழியாகக் காலையில் புறப்பட்டால் தரிசனம் முடித்து மாலைக்குள் வீடு திரும்பிவிடலாம். தசரதன் புத்திரகாமேட்டி வேள்வி செய்த தலமாகப் போற்றப்படும் புத்திரகாமேட்டீஸ்வரர் ஆலயம் கமண்டல நாகநதிக் கரையில் இருக்க, உள்ளூரில் தெய்வங்களுக்குக் குறைவில்லைதான். ஆனாலும் நெசவாளர்களுக்கு முருகன்மேல் தனிப் பற்று உண்டு. முருகனின் படைத்தலைவரான வீரபாகு முதலிய நவவீரர்களின் வழிவந்தவர்கள் தாங்கள் என்று செங்குந்த மரபினர் பெருமையோடு சொல்லிக்கொள்வார்கள். ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுத்துப் போகிறவர்கள் திரும்பி வரும்போது பஞ்சாமிர்தமும் திருநீறும் வாங்குவதைப் போலவே, இப்போதெல்லாம் மரத் தம்ளர் ஒன்றையும் வாங்கிவருகிறார்கள். வேங்கை மரத் தம்ளர்.

இரவில் தண்ணீர் ஊற்றி வைத்து, விடிந்ததும் வெறும் வயிற்றில் குடித்தால் சர்க்கரை நோய் மட்டுப்படும் என்ற நம்பிக்கைதான் காரணம். நம்பிக்கை புதிதன்று. வடமொழி வைத்திய நூல்கள் இம்மரத்தை அசனம், பீஜகம் என்று குறிப்பிடுகின்றன. வடநாட்டில் விஜயசார் என்கிறார்கள். கன்னட நாட்டில் ஹொன்னே. தமிழில் உதிரவேங்கை என்ற பெயரும் உண்டு. பட்டையைக் கீறினால் உதிரம் போலவே சிவந்த பால் வடியும். அது உறைந்து பிசினாகும். அந்தப் பாலைக் காய்ச்சிக் குழந்தையின் நெற்றிக்குக் கருஞ்சாந்து செய்த பாட்டிமார்கள் இன்னும் சில வீடுகளில் இருக்கக்கூடும்.

ஆரணியில் ஒரு முதிய நெசவாளர். எழுபதைக் கடந்தும் குழித்தறியில் இறங்கி உட்கார்கிறவர். அவரிடம் இப்படி இரண்டு தம்ளர்கள் இருந்தன. ஒன்று, பல மாதங்களுக்கு முன் உறவினர் ஒருவர் மலைப்பக்கத்து மரத்தச்சரிடம் சொல்லிக் கடைந்து வாங்கிவந்தது. மற்றொன்று, ஒரு மலைக்கோயில் அடிவாரத்தில் அவரே வாங்கியது. புதியதில் ஊற்றிய தண்ணீர் கால் மணி நேரத்திலேயே குங்குமம் கரைத்தாற்போல் சிவந்துவிடும். பழையதில் அத்தனை நிறம் ஏறுவதில்லை. எனவே புதியதுதான் வீரியமுள்ளது என்று அவர் தீர்மானித்துக்கொண்டார். அதோடு நிற்கவில்லை. மருத்துவர் எழுதித் தந்த மாத்திரையில் இராத்திரி வேளைக்கு உரியதை யாருக்கும் சொல்லாமல் நிறுத்திவிட்டார். இரண்டு மாதம் கழித்து இரத்தம் பரிசோதித்தபோது அளவு எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. மருத்துவமனையில் கடிந்துகொண்டார்கள். மனைவி இரண்டு நாள் பேசவில்லை.

புடவையைக் கொண்டுபோய்க் கொடுக்கும் கடையில் இந்தக் கதையைச் சொன்னபோது, கடைக்காரர் இரண்டு தம்ளர்களையும் எடுத்துவரச் சொன்னார். அவருடைய கல்லாமேசையில் கள்ள நோட்டுப் பார்க்கும் ஊதா விளக்கு உண்டு. அவருடைய மகன் எங்கோ படித்ததை வைத்துக்கொண்டு ஒரு சோதனை செய்யலாம் என்றான். இரண்டிலும் ஊறிய தண்ணீரைத் தனித்தனிக் கண்ணாடி டம்ளரில் ஊற்றி, கடையின் முன்விளக்கை அணைத்து, நோட்டு விளக்கைப் போட்டார்கள். குங்குமச் சிவப்பாக இருந்த தண்ணீர் இருட்டில் வெறும் கறுப்பாக நின்றது. பழைய தம்ளரின் வெளிறிய தண்ணீரோ மயில்கழுத்து நீலத்தில் சுடர்விட்டது.

"பெரியவரே, நீங்க வீரியம்னு நெனச்சது சாயம்" என்றார் கடைக்காரர். ஈரத்துணியால் புதிய தம்ளரைத் துடைத்துப் பார்த்தார்கள். துணி சிவந்தது.

இந்த நீலத்துக்கு நெடிய வரலாறு இருக்கிறது. அது தொடங்கும் இடம் மெக்சிகோ. பதினாறாம் நூற்றாண்டில் அந்நாட்டை வென்ற ஸ்பானியர்கள், அங்குள்ள வைத்தியர்கள் ஒருவகைக் கட்டையின் சீவலைத் தண்ணீரில் ஊறவைத்துச் சிறுநீரக நோய்க்குக் கொடுப்பதைக் கண்டார்கள். அந்தத் தண்ணீர் நீலமாக மின்னியது. செவில் நகரத்து மருத்துவர் நிக்கோலாஸ் மொனார்டெஸ் 1565-இல் இதைப் பற்றி எழுதினார். ஐரோப்பா முழுவதும் அந்தக் கட்டைக்குக் கிராக்கி ஏற்பட்டது. கிராக்கி இருந்தால் போலி வராமல் இருக்குமா? வேறு மரத்தின் சீவலைச் சிறுநீரகக் கட்டை என்று விற்கும் ஆட்களும் கிளம்பினார்கள். தண்ணீரில் நீலம் தெரிகிறதா என்று பார்த்து வாங்குங்கள் என்பதே அன்று வாங்குவோருக்குச் சொல்லப்பட்ட அறிவுரை. மரத்தை ஒளியால் அடையாளம் காணும் கலை, ஆய்வுக்கூடத்தில் அன்று, மருந்துக் கடையில்தான் பிறந்தது என்று சொல்லலாம்.

ரோமாபுரியில் இருந்த அத்தனேசியஸ் கிர்ச்சர் என்ற பாதிரியாருக்கு அந்த மரத்தில் கடைந்த கிண்ணம் ஒன்று மெக்சிகோவிலிருந்து பரிசாக வந்தது. அதில் ஊற்றிய நீர், பார்க்கும் கோணத்துக்கு ஏற்ப ஒவ்வொரு நிறம் காட்டுவதைக் கண்டு வியந்து 1646-இல் எழுதிவைத்தார். கிண்ணத்தைப் பேரரசருக்கே காணிக்கையாக்கினார். இங்கிலாந்தில் இராபர்ட் பாயில் 1664-இல் இன்னும் ஒரு படி மேலே போனார். நீல நீரில் புளிப்பான அமிலம் சிறிது சேர்த்தால் நீலம் மறைகிறது; காரம் சேர்த்தால் திரும்பி வருகிறது என்று கண்டறிந்தார். மஞ்சளில் சுண்ணாம்பு சேர்த்து ஆரத்தி கரைக்கும் நம் வீட்டுப் பெண்களுக்கு இதில் வியப்பு ஒன்றும் இராது. காரம் பட்டால் நிறம் மாறும் என்பது அவர்களுடைய கைப்பழக்கம்.

இதில் நமக்கு வேண்டிய திருப்பம் பின்னால்தான் வருகிறது. வில்லியம் சாஃபோர்டு என்ற அமெரிக்கத் தாவரவியலர் 1915-இல் பழைய குறிப்புகளையெல்லாம் அலசி, 'சிறுநீரகக் கட்டை' என்ற ஒரே பெயரில் இரண்டு வெவ்வேறு மரங்கள் உலவியிருக்கின்றன என்று காட்டினார். சீவலாக விற்கப்பட்டது மெக்சிகோவில் வளரும் ஒரு சிறுமரம். கிண்ணமாகக் கடையப்பட்டதோ பிலிப்பைன்ஸ் தீவுகளின் நர்ரா மரம். கப்பலில் மெக்சிகோ வழியாக ஐரோப்பா சென்றிருக்கிறது. இந்த நர்ரா நம் வேங்கையின் உடன்பிறப்பு. தாவரவியலார் இரண்டையும் டெரோகார்ப்பஸ் என்ற ஒரே பேரினத்தில் வைத்திருக்கிறார்கள். நம்முடைய வேங்கை டெரோகார்ப்பஸ் மார்சூப்பியம். பேரரசருக்குப் போன கிண்ணமும் ஆரணி நெசவாளரின் பழைய தம்ளரும் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள்.

நீலம் ஏன் தெரிகிறது என்பதை 1852-இல் விளக்கியவர் ஜார்ஜ் ஸ்டோக்ஸ். கண்ணுக்குப் புலப்படும் ஊதா நிறத்துக்கும் அப்பால், புலப்படாத ஒளி ஒன்று இருக்கிறது. அதுவே புற ஊதா ஒளி. சில பொருள்கள் அதை உள்வாங்கி, உடனே கண்ணுக்குத் தெரியும் ஒளியாகத் திருப்பித் தருகின்றன. பெரிய நோட்டைக் கொடுத்துச் சில்லறை வாங்குவது போன்றது இது. மாற்றித் தருகிறவர் தம் பங்காகக் கொஞ்சம் பிடித்துக்கொள்வார், அது வெப்பமாகப் போய்விடும். கொடுத்ததைவிட வாங்கியது குறைவாகவே இருக்கும். அதனால்தான் புலப்படாத வலிய ஒளி உள்ளே போய், அதைவிட வலிமை குறைந்த நீலமோ பச்சையோ மஞ்சளோ வெளியே வருகிறது. இதை உடனொளிர்வு என்கிறார்கள். மெக்சிகோ மரத்தில் ஒளிரும் பொருள் எது என்பதை ஸ்பெயின் நாட்டு ஆய்வாளர்கள் 2009-இல்தான் தெளிவாக்கினார்கள். மரத்துக்குள் இருக்கும்போது அது ஒளிர்வதில்லை. வேறு ஒரு பொருளாக உறங்குகிறது. சற்றே காரமான நீரில் இறங்கிக் காற்றோடு கலந்த பிறகே ஒளிரும் பொருளாகிறது.

வங்கிகளில் நோட்டுப் பார்க்கும் விளக்கு இதே புற ஊதா விளக்குதான். ரூபாய் நோட்டின் எண்களும் தாளுக்குள் பொதிந்த இழைகளும் அதன் கீழ் ஒளிரும். சாதாரண வெள்ளைத் தாளில் அச்சடித்த போலி, தாள் முழுவதுமே பளீரென்று நீல வெள்ளையாக எரிந்து தன்னைத் தானே காட்டிக்கொடுக்கும். கண்ணுக்குத் தெரியும் ஒளியை மறைத்துப் புற ஊதாவை மட்டும் வெளியே விடும் கண்ணாடியை உருவாக்கியவர் இராபர்ட் வில்லியம்ஸ் வுட் என்ற அமெரிக்க இயற்பியலர். அவர் பெயரால் அது 'வுட் விளக்கு' ஆயிற்று. மரத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் அதுவே என்பது தற்செயல். மரம் பார்ப்பதற்காக அவர் அதைச் செய்யவில்லை.

மரங்களை இந்த ஒளியில் பார்க்கும் ஆராய்ச்சியில் நம் நாடு பின்தங்கியிருக்கவில்லை. டேராடூன் வன ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த எஸ். கிருஷ்ணா, கே. ஏ. சௌத்ரி ஆகிய இருவரும் 1935-இலேயே புற ஊதா ஒளியில் மரங்கள் ஒளிர்வதைப் பற்றி 'இந்தியன் ஃபாரஸ்டர்' இதழில் கட்டுரை வெளியிட்டார்கள். 1989-இல் அனைத்துலக மர உடற்கூற்றியலாளர் சங்கம் மரங்களை அடையாளம் காண உதவும் கூறுகளைப் பட்டியலிட்டபோது, வைரக்கட்டை தானே ஒளிர்கிறதா, அதை ஊறவைத்த நீர் ஒளிர்கிறதா, சாராயத்தில் ஊறவைத்த சாறு ஒளிர்கிறதா என்ற மூன்றையும் தனித்தனிக் கூறுகளாகச் சேர்த்துக்கொண்டது.

அவர்கள் செய்யும் முறை எளியது. மரத்தின் வெளிப்புறத்து வெளிறிய பகுதியை விட்டு, நடுவிலுள்ள வைரத்தில் புதிதாகச் சில சீவல்களைச் சீவவேண்டும். பழைய மேற்பரப்பு காற்றும் வெயிலும் பட்டு மங்கியிருக்கும், அதை நம்பக்கூடாது. சீவல்களைச் சிறு கண்ணாடிக் குப்பியின் அடி மறையும் அளவுக்குப் போட்டு, வாலை வடித்த நீர் ஊற்றி, நன்றாகக் குலுக்கி, ஓரிரு நிமிடம் தெளியவிட்டு, இருட்டறையில் விளக்கின் கீழ்ப் பிடிக்கவேண்டும். அந்த நீரும் சும்மா வடித்த நீரன்று. அமில காரச் சமநிலை குலையாதபடி உப்பு சேர்த்துத் திட்டம் செய்த நீர். அன்று பாயில் கண்டதன் நீட்சி இது. தண்ணீரில் புளிப்பு ஏறியிருந்தால் உண்மையான மரமும் ஒளிராமல் ஏமாற்றிவிடலாம் அல்லவா?

விளக்கு இல்லாதவர்களுக்குச் சூரிய பகவானே போதும். வெயிலிலும் புற ஊதா ஒளி இருக்கிறது. புதிய வேங்கைத் தம்ளரில் இரவு முழுவதும் ஊறிய நீரை நிறமற்ற கண்ணாடி டம்ளரில் ஊற்றி, பின்னால் ஒரு கறுப்புத் துணியைப் பிடித்து, காலை வெயில் பக்கவாட்டில் படும்படி பார்த்தால் நீரின் விளிம்பில் நீல மினுக்கம் தெரியும். அதே நீரை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தால் தேன் நிறமாகவோ செம்பழுப்பாகவோ இருக்கும். கிர்ச்சர் வியந்தது இந்த இரட்டை நிறத்தைத்தான்.

ஆனால் நீலம் தெரிந்தது என்பதற்காக உடனே வேங்கை என்று முடிவு கட்டிவிடலாகாது. ஒளிரும் மரங்கள் வேறும் உண்டு. தெரியவில்லை என்பதற்காகப் போலி என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போவதும் தவறு. மாதக்கணக்கில் புழங்கிய தம்ளரில் சாரம் இறங்கிவிட்டிருக்கலாம். பூசைப் பொருள்களுக்கு நடுவே வைத்துச் சோதித்தால் இன்னொரு குழப்பமும் வரும். மஞ்சள் இந்த ஒளியில் பச்சை கலந்த மஞ்சளாக ஒளிரும். அரக்குப் பூச்சு ஆரஞ்சு நிறம் காட்டும். சலவைத்தூளில் வெளுத்த வேட்டி நீல வெள்ளையாய் எரியும். அந்த வேட்டித் துணியில் வடிகட்டிய தண்ணீரும் ஏமாற்றக்கூடும். பழங்காலச் சிற்பங்களையும் ஓவியங்களையும் பேணுகிறவர்கள், எங்கெங்கே பிற்காலத்தில் பூச்சு ஏறியிருக்கிறது என்று கண்டுபிடிக்க இதே குணத்தைப் பயன்படுத்துகிறார்கள் என்பது வேறு விஷயம்.

ஆகவே ஒளியோடு உருப்பெருக்கிக் கண்ணாடியும் வேண்டும். கூரிய கத்தியால் கட்டையின் குறுக்கு முகத்தைச் சீவி, பத்து மடங்கு பெரிதாக்கும் கண்ணாடியில் பார்த்தால் மரத்தின் துளைகளும் அவற்றைச் சூழ்ந்த வெளிர் பட்டைகளும் தெரியும். பழகிய தச்சருக்கு இதுவே கையெழுத்துப் போன்றது. வங்கியில் கையெழுத்தையும் பார்ப்பார்கள், விளக்கையும் போடுவார்கள். ஒன்று மற்றொன்றுக்கு மாற்றாவதில்லை. ஐயம் தீராவிட்டால் பெங்களூரு மர அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம் போன்ற இடங்களில் மரத்துண்டைச் சோதித்து இனத்தைச் சொல்வார்கள். கோயிலுக்குக் கதவோ வாகனமோ செய்யப் பெருந்தொகை கொடுத்து மரம் வாங்கும் திருப்பணிக் குழுக்கள் அந்தச் சிரமத்தைப் பார்ப்பது நல்லது. தம்ளர் வாங்குபவர்களுக்கு அது அதிகப்படி.

வேங்கையின் மற்றோர் உடன்பிறப்பான செஞ்சந்தனத்துக்கும் ஒரு சொல். கொலுவில் முதற்படியில் அமரும் மரப்பாச்சி பொம்மைகளைச் செஞ்சந்தனத்தில் கடைவது பழைய வழக்கம். அம்மரத்தின் சிவப்பு குளிர்ந்த தண்ணீரில் எளிதில் கரையாது, சாராயத்தில்தான் கரையும். ஈரத்துணி பட்டதுமே சிவப்பு இறங்கும் மரப்பாச்சியைக் குழந்தை வாயில் வைக்கக் கொடுக்கவேண்டாம்.

விளக்கு வாங்குவோர் கவனிக்கவேண்டியவை இரண்டு. சந்தையில் மலிவாகக் கிடைக்கும் கைவிளக்குகள் பல 395 நானோமீட்டர் அளவில் எரிபவை. அவற்றின் சொந்த ஊதா வெளிச்சமே மெல்லிய ஒளிர்வை மறைத்துவிடும். 365 நானோமீட்டர் விளக்கே ஏற்றது. எதுவாயினும் கண்ணுக்கு நேரே பிடிக்கக்கூடாது. கிருமி நீக்கப் பயன்படும் விளக்கு வேறு வகை. அது கண்ணையும் தோலையும் புண்ணாக்கும்.

இனி, இத்தனைக்கும் காரணமான சர்க்கரை நோய்க்கு வருவோம். வேங்கை உண்மையிலேயே பயன் தருமா? 1998-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் நாட்டின் சில மையங்களில் நடத்திய ஆய்வின் முடிவு வெளியாயிற்று. புதிதாக நோய் கண்டறியப்பட்ட 97 பேருக்கு விஜயசார் கொடுத்துப் பார்த்ததில், 12 வாரங்களில் 67 பேருக்கு, அதாவது நூற்றுக்கு 69 பேருக்கு, இரத்தச் சர்க்கரை கட்டுக்குள் வந்தது. இதைப் படித்தவுடன் மாத்திரைப் பெட்டியை மூடிவிடத் தோன்றும். அங்கேதான் நிதானம் தேவை. அவர்கள் கொடுத்தது அளவிட்டுத் தயாரித்த சாறு. தம்ளரில் ஊறிய தண்ணீர் அன்று. தம்ளர் நீரில் எவ்வளவு சாரம் இறங்குகிறது என்பது தம்ளருக்குத் தம்ளர், நாளுக்கு நாள் மாறும். ஆய்வில் சேர்ந்தவர்கள் நோயின் தொடக்கத்தில் இருந்தவர்கள். மருத்துவர்கள் உடனிருந்து அளவைக் கூட்டியும் குறைத்தும் கொடுத்தார்கள். விஜயசார் பெறாத மற்றொரு குழுவோடு ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வும் அன்று அது. இருபது ஆண்டுகளாகச் சர்க்கரையோடு வாழும் எழுபது வயதுப் பெரியவருக்கு அதில் நேரடியான உத்தரவாதம் ஒன்றும் இல்லை. தம்ளர் நீர் குடிக்க விரும்புகிறவர்கள் அதை மருத்துவரிடம் சொல்லிவிட்டுக் குடிக்கட்டும். மாத்திரையை மட்டும் தாமாக நிறுத்தவேண்டாம்.

மரத்தின் நிலையும் சொல்லத்தக்கது. உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் வேங்கையை அழிவு அச்சுறுத்தலை நெருங்கும் இனமாக வகைப்படுத்தியிருக்கிறது. சங்கப் புலவர்கள் காலத்தில் மலைச்சாரலெங்கும் மஞ்சள் பூவைச் சொரிந்து, பாறைமேல் உதிர்ந்த பூக்களால் புலி படுத்திருப்பதாக மயக்கிய மரம் இது. அது பூத்தால் தினை அறுக்கும் காலம் வந்தது என்று குறவர்கள் கணித்தார்கள். சிலப்பதிகாரத்துக் கண்ணகி மதுரையை எரித்துவிட்டு வந்து நின்றது வேங்கை நிழலில். குமரி மாவட்டத்து வேளிமலைக் குமாரகோயிலிலும் வள்ளி திருமணத்தை ஒட்டி இம்மரத்தின் நினைவு போற்றப்படுகிறது. போலித் தம்ளர் ஒன்று வாங்குபவரை ஏமாற்றுகிறது என்றால், உண்மையான தம்ளர் ஒவ்வொன்றுக்கும் எங்கோ ஒரு வேங்கை விழுந்திருக்கிறது. வனத்துறை நாற்றங்கால்களில் வேங்கைக் கன்று கிடைக்கும்போது கோயில் நந்தவனத்தில் ஒன்றை நட்டுவைக்கலாம். வைரம் ஏற நெடுங்காலம் பிடிக்கும். நட்டவருக்குத் தம்ளர் கிடைக்காது.

ஆரணி நெசவாளர் இப்போது இரவு மாத்திரையை மனைவியின் கண்ணெதிரே விழுங்குகிறார். பழைய வேங்கைத் தம்ளர் பூசையறையில் வேலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. கிருத்திகை தோறும் அதில் தண்ணீர் வைத்து, காலையில் பேரப்பிள்ளைகளை அழைத்து வாசல் வெயிலில் நீலம் காட்டுகிறார். மற்றத் தம்ளர் பட்டுக் கடைக் கல்லாமேசையிலேயே தங்கிவிட்டது. கடைக்காரர் அதில் பேனா போட்டுவைத்திருக்கிறார்.